கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ்: எந்த வகுப்பு, எந்தக் கல்லூரி, எந்த வரிசை? (கலிஃபோர்னியா, பே ஏரியா)

ஃப்ரீமான்ட்வாசி

வணக்கம். இரண்டு பேருக்காகக் கேட்கிறேன்.

மகள் இப்போ 10-ஆம் வகுப்பு. ஜூனில் ப்ரீகால்குலஸ் முடிகிறது. கோடை விடுமுறையில் ஒலோனி, டி ஆன்ஸா என்ற கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரிகள்) ஒன்றில் கால்குலஸ் எடுக்கணும் என்கிறாள். பின்னால் இன்ஜினியரிங் போகும் எண்ணம்.

தம்பி மனைவி எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) இருக்கிறார். ஊரில் பி.காம் முடித்தவர், கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் வர ஆசை. எங்கிருந்து தொடங்கணும்?

வகுப்புப் பட்டியலைத் திறந்தால் கால்குலஸ் என்ற பெயரிலேயே நாலைந்து வகுப்பு இருக்கு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்றே பிடிபடவில்லை.

அஸிஸ்ட்_வாசகர்

பட்டியலை மேலிருந்து கீழே படிக்காதீங்க. எங்கே போய்ச் சேரணுமோ அங்கிருந்து பின்னோக்கி வாங்க.

கால்குலஸில் பெரிய பிரிவு இரண்டுதான். இன்ஜினியரிங், இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதம் படிப்பவர்களுக்கான நீண்ட வரிசை ஒன்று: கால்குலஸ் 1, 2, 3, பிறகு லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். இன்னொன்று பிசினஸ் கால்குலஸ், சில இடங்களில் அப்ளைடு கால்குலஸ் என்பார்கள். ஒரே பருவத்தில் முடிந்துவிடும். திரிகோணமிதி கிட்டத்தட்ட இருக்காது. விலை, செலவு, லாபம் என்று கணக்குகள் வரும். மேலாண்மை படிக்கிறவருக்கு நல்ல வகுப்புதான், ஆனால் அதை முடித்தவரை கால்குலஸ் 2-இல் சேர்க்க மாட்டார்கள். இன்ஜினியரிங் போகிறவர் "ஈஸியா இருக்கும்" என்று அதில் சேர்ந்தால் கால்குலஸ் 1-ஐ முதலிலிருந்து எடுக்கணும். அப்போதும் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) இரண்டுக்கும் முழு யூனிட் (பாட அளவை எண்ணும் அலகு) கொடுக்காது, ஒன்றைத்தான் எண்ணும்.

புள்ளியியல் தனி. 2025 இலையுதிர்காலத்திலிருந்து மாநிலம் முழுக்க அதற்கு ஸ்டாட் சி1000 என்று ஒரே எண். மற்ற கணக்கு வகுப்புகளுக்கும் பொது எண் வந்துகொண்டிருப்பதால், பழைய பதிவுகளில் பார்க்கும் எண்களை நம்பித் தேடாதீங்க, பாடப் பெயரைப் பாருங்க.

"ட்ரான்ஸ்ஃபருக்கு ஒரு கணக்கு வகுப்பு போதும்" என்று பலர் சொல்வார்கள். (ட்ரான்ஸ்ஃபர் என்றால் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, மீதியைப் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது.) யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் (மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத் தொகுப்பு) பொதுவான கால்-கெட்சி பொதுக்கல்வி விதிக்கு அது சரி: 3 யூனிட் கொண்ட ஒரு வகுப்பில் 'சி' கிரேடு எடுத்தால் கணக்குப் பகுதி தீர்ந்தது. ஆனால் அது பொதுக்கல்விக் கணக்கு. மேஜருக்கான (பட்டத்தின் முதன்மைத் துறைக்கான) கணக்கு வேறு. இன்ஜினியரிங்குக்கு மேலே சொன்ன நீண்ட வரிசை முழுவதும் வேணும்.

மேஜருக்கு என்ன வேணும் என்பதை அஸிஸ்ட் தளத்தில் (எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் இணையதளம்) பாருங்க. கல்லூரி, போகவேண்டிய யூசி அல்லது கால் ஸ்டேட், மேஜர், இந்த மூன்றையும் கொடுத்தால் இரண்டு பத்தியாக வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகப் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான கல்லூரிப் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு பாடங்களுக்கு நடுவே "அண்ட்" இருக்கா "ஆர்" இருக்கா என்று கண்ணை ஊன்றிப் பாருங்க. பெர்க்லியின் மேத் 54 ஒரே பாடம்தான். ஆனால் அதில் லீனியர் ஆல்ஜீப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸும் சேர்ந்தே இருக்கு. கம்யூனிட்டி காலேஜில் அதற்கு ஈடு இரண்டு தனி வகுப்பு, நடுவே "அண்ட்". ஒன்றை மட்டும் முடித்தால் மேத் 54 கணக்கில் ஏறாது.

ஸ்டான்ஃபோர்டு, யூஎஸ்சி போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் அஸிஸ்டில் இல்லை. அவர்களிடமே கேட்கணும்.

பத்துவாரம்

ஒலோனியா டி ஆன்ஸாவா என்பதற்கு நான் சொல்றேன். இங்கே வித்தியாசம் தரத்தில் இல்லை, நாள்காட்டியில்.

டி ஆன்ஸாவும் ஃபூட்ஹில்லும் குவார்ட்டர் முறை, கோடையைத் தவிர ஆண்டுக்கு மூன்று குறும்பருவம். ஒலோனி, மிஷன், வெஸ்ட் வேலி, எவர்கிரீன் வேலி எல்லாம் செமஸ்டர், ஆண்டுக்கு இரண்டு நீண்ட பருவம். ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக 5 குவார்ட்டர் யூனிட் வகுப்பு 3.33 செமஸ்டர் யூனிட்தான்.

யூனிட்டை விடப் பாடத்தை எங்கே வெட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம். செமஸ்டரில் கால்குலஸ் மூன்று துண்டு. குவார்ட்டரில் நான்கு: 1ஏ, 1பி, 1சி, 1டி. குவார்ட்டர் 1ஏ-யில் எல்லையும் (லிமிட்) வகையிடலும்தான். தொகையிடல் 1பி-யில்தான் தொடங்கும். செமஸ்டர் கால்குலஸ் 1-லோ கடைசி சில வாரங்களில் தொகையிடலைத் தொடங்கி, அடிப்படைத் தேற்றத்தைத் தொட்டு, பிரதியிடல் முறை வரை போய்விடுவார்கள்.

இதனால் என்ன ஆகும்? டி ஆன்ஸாவில் 1ஏ முடித்துவிட்டு ஒலோனியில் கால்குலஸ் 2-க்குப் போகிறவர், முதல் நாளே பகுதித் தொகையிடல் நடக்கும்போது தொகையிடலையே பார்த்திருக்க மாட்டார். பெரும்பாலும் முன்தேவை சரிபார்க்கிற இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அனுமதி கிடைத்துவிட்டால்தான் பெரிய கஷ்டம். எதிர்த்திசையில் போனால் வேறு சிக்கல். செமஸ்டர் கால்குலஸ் 2-இல் முடிவிலாத் தொடர்கள் வந்துவிடும். டி ஆன்ஸாவில் அது 1சி-யில், முப்பரிமாண வெக்டர்களோடு சேர்ந்து வருது. செமஸ்டர் 2 முடித்து இங்கே வருகிறவருக்கு 1சி-யில் பாதி தெரியும், பாதி தெரியாது. 1டி-க்கு நேராகப் போனால் வெக்டர் பகுதி விட்டுப்போகும்.

கால்குலஸை எந்தக் கல்லூரியில் தொடங்குறீங்களோ அங்கேயே முடிங்க. கல்லூரி மாறித்தான் ஆகணும் என்றால் வரிசை முழுசா முடிந்த பிறகு மாறுங்க. லீனியர் ஆல்ஜீப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸும் தனித்தனிப் பாடம், அவற்றை வேறு கல்லூரியில் எடுத்தால் இந்த வெட்டுச் சிக்கல் இல்லை.

கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மாநிலவாசிக்கு செமஸ்டர் யூனிட் 46 டாலர், 2012-லிருந்து ஏறவில்லை. குவார்ட்டர் யூனிட் 31. 5 யூனிட் வகுப்பு 230 அல்லது 155. நான்கு குவார்ட்டரைக் கூட்டினால் 620, மூன்று செமஸ்டரைக் கூட்டினால் 690 வரை. ஹெல்த் ஃபீ, பார்க்கிங் தனி.

ஃப்ரீமான்ட்வாசி

இது தெரியாமல் கோடையில் டி ஆன்ஸா, இலையுதிர்காலத்தில் ஒலோனி என்று திட்டம் போட்டிருந்தோம். நல்லவேளை. கோடை ஆறு வாரத்தில் கால்குலஸ் 1 முடிக்க முடியுமா?

மணிக்கணக்கு

கூட்டிப் பார்த்துடலாம். மாநில விதிப்படி ஒரு செமஸ்டர் யூனிட்டுக்குக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து. 5 யூனிட் என்றால் 240 மணி.

16 வாரத்தில் பரப்பினால் வாரம் 15 மணி. 8 வாரத்தில் 30. 6 வாரத்தில் 40.

அதாவது ஆறு வாரமும் முழுநேர வேலை. நடுவில் ஊருக்குப் போக முடியாது. மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் வழக்கமான பருவத்தில் ஒரு வாரத்துக்கு மேல் விட்டதற்குச் சமம். அது சங்கிலி விதி நடந்த வாரமாக இருந்தால், அடுத்து வரும் உள்ளார்ந்த வகையிடல், தொடர்புடைய வீதங்கள் எதுவும் புரியாது. இரண்டுமே சங்கிலி விதி மேல்தான் நிற்கிறது.

குவார்ட்டர் கல்லூரியில் கோடையில் 1ஏ எடுத்தால் பாரம் குறைவு. குவார்ட்டர் யூனிட்டுக்கு 33 மணி, 5 யூனிட்டுக்கு 165, ஆறால் வகுத்தால் வாரம் 27 அல்லது 28 மணி. ஆனால் பத்துவாரம் சொன்ன மாதிரி, முடிவது வகையிடல் மட்டும்தான்.

கோடையில் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த வாரங்களில் கோச்சிங், முகாம், வேலை எதுவும் இல்லை என்றால் எடுக்கலாம்.

நெடுவரிசை

மணிக்கணக்கு சொல்வதோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். கணக்கு வகுப்பு எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. லீனியர் ஆல்ஜீப்ராவும் புள்ளியியலும் கோடையில் சுருக்கிப் படித்தாலும் தாங்கும். லீனியர் ஆல்ஜீப்ராவில் முதல் சில நாளில் நிரை ஒடுக்கம் (ரோ ரிடக்‌ஷன்) கையில் வந்துவிட்டால் மீதிப் பாதி அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான். புள்ளியியலில் இயற்கணிதம் குறைவு. கால்குலஸ் 2-ஐத்தான் கோடையில் தொடக்கூடாது. தொகையிடல் முறைகளில் எதை எங்கே போடுவது என்கிற கண், கணக்குப் போட்டுப் போட்டு நாள்பட்டுத்தான் வரும். ஆறு வாரத்தில் அது ஊறாது.

இன்னொரு விஷயம். உங்க பள்ளியில் ஏபி கால்குலஸ் பிசி (ஹைஸ்கூலிலேயே நடக்கும் கல்லூரித் தர வகுப்பு, கடைசியில் 5-க்கு மதிப்பெண் தரும் பொதுப் பரீட்சை) இருக்கா? இருந்தால் ஒரு முழு ஆண்டு, நிதானமாக, செலவில்லாமல் கால்குலஸ் 1, 2 இரண்டும் நடக்கும். என் கருத்தில் இன்ஜினியரிங் போகும் பிள்ளைக்கு அதுதான் நல்ல வழி. கம்யூனிட்டி காலேஜ் அதற்கு மேலே, கால்குலஸ் 3-க்கும் லீனியர் ஆல்ஜீப்ராவுக்கும் கைகொடுக்கும். அதெல்லாம் பெரும்பாலான ஹைஸ்கூல்களில் கிடையாது.

ஏபி மதிப்பெண்ணில் கவனிக்க வேண்டியது: 3 வாங்கினால் யூசி யூனிட் கொடுக்கும். ஆனால் மேஜர் பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ள 4 அல்லது 5 கேட்கும் வளாகங்கள் உண்டு. அதே பாடத்தைக் கல்லூரியிலும் எடுத்தால் இரண்டில் ஒன்றுக்குத்தான் யூனிட்.

ஃப்ரீமான்ட்வாசி

பள்ளியில் ஏபி கால்குலஸ் பிசி இருக்கு. மகளிடம் பேசுகிறேன். தம்பி மனைவிக்கு? +2-இல் கணக்கு எடுத்தவர்தான், முதல் குரூப். ஆனால் படித்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. சேரும்போது ஏதாவது பரீட்சை வைப்பாங்களா?

அஸிஸ்ட்_வாசகர்

பழைய ப்ளேஸ்மென்ட் பரீட்சை போயே போச்சு. 2017-இல் கையெழுத்தான ஏபி 705 (ஏபி இங்கே அசெம்பிளி பில், ஏபி கால்குலஸோடு தொடர்பில்லை) சட்டம், ஹைஸ்கூல் மதிப்பெண்ணை வைத்தே வகுப்பை முடிவு செய்யணும் என்றது. 2022-இன் ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது. அதனால் ட்ரான்ஸ்ஃபர் தரத்துக்குக் கீழே உள்ள எலிமென்டரி, இன்டர்மீடியட் ஆல்ஜீப்ரா வகுப்புகள் பெரும்பாலான கல்லூரிகளில் மறைந்துவிட்டன. அறிவியல், இன்ஜினியரிங் மாணவர்களை நேராகக் கால்குலஸில் உட்கார வைத்து, பக்கத்தில் 1 அல்லது 2 யூனிட் துணை வகுப்பு கொடுப்பதுதான் இப்போதைய போக்கு. ப்ரீகால்குலஸ் யாருக்குக் கிடைக்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கவுன்சிலரிடம் கேட்கணும்.

வெளிநாட்டில் படித்து இங்கே ஹைஸ்கூல் மதிப்பெண் இல்லாதவருக்கு, கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தானே வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் வழிகாட்டி முறை உண்டு. கால்குலஸ் 1-க்கு அது போதும். கால்குலஸ் 2-இல் நேராகச் சேரணும் என்றால் ஊர்ச் சான்றிதழை மதிப்பீடு செய்து காட்டச் சொல்வார்கள். நாசெஸ் அமைப்பில் (வெளிநாட்டுச் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு) உறுப்பினரான நிறுவனத்திடம், பாடவாரியான மதிப்பீடாக வாங்கணும். பொது மதிப்பீடு வாங்கினால் டிகிரி இருக்கு என்று மட்டும்தான் தெரியும், பாடம் எதுவும் தெரியாது.

தொகைநுண்

+2 முதல் குரூப் என்றால் அடித்தளம் நல்லா இருக்கும். அணிகள், கலப்பெண்கள், வெக்டர் இயற்கணிதம், வகைநுண், தொகைநுண், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள், தனிநிலைக் கணிதம் எல்லாம் அதில் உண்டு. அதனால் "கால்குலஸ் 1 தேவையில்லை, நேரா 2" என்று தோணும். இரண்டு இடத்தில் மாட்டுவார்கள்.

முதலாவது, சூத்திரம் நினைவிருக்கும், இயற்கணிதம் கையை விட்டுப் போயிருக்கும். கால்குலஸ் 1-இல் மதிப்பெண் போவது பெரும்பாலும் கால்குலஸால் இல்லை, இந்த மாதிரி இடத்தில்தான்: 16-ஐயும் 9-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. தனித்தனியாக வர்க்கமூலம் எடுத்துக் கூட்டினால் 7. எண்ணில் யாரும் தப்பு செய்ய மாட்டார்கள். எண்ணுக்குப் பதில் எக்ஸ் வந்ததும், எக்ஸ் வர்க்கமும் 9-உம் சேர்ந்த வர்க்கமூலத்தை எக்ஸ் கூட்டல் 3 என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரியில் மீதிக் கணக்கு முழுக்கப் போகும். பின்ன அடுக்குகள், மடக்கை விதிகள், பின்னத்தைப் பிரித்தல், திரிகோணமிதியில் 30, 45, 60 பாகை மதிப்புகள், இவற்றைச் சேருவதற்கு முன் மூன்று வாரம் தினமும் போட்டாலே பாதி பயம் போயிடும்.

இரண்டாவது, முடிவிலாத் தொடர்களின் குவிதல். ஊர் +2-இல் குவிதல் சோதனைகள் கிடையாது. இங்கே கால்குலஸ் 2-இல் கடைசி மூன்றில் ஒரு பங்கு அதுதான். 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரைப் பாருங்க. உறுப்புகள் சுருங்கிச் சுருங்கி பூஜ்யத்தை நெருங்குது, ஆகவே கூட்டுத்தொகை ஓர் எண்ணில் நிற்கும் என்று எழுதுவார்கள். நிற்காது. 1/3-உம் 1/4-உம் சேர்ந்தால் அரையை விட அதிகம். அடுத்த நாலு உறுப்பு, 1/5 முதல் 1/8 வரை, சேர்ந்தால் மறுபடி அரையை விட அதிகம். அதற்கடுத்த எட்டும் அப்படித்தான். அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போவதால் எல்லை இல்லை. 1 + 1/4 + 1/9 + 1/16 + … நிற்கும். உறுப்பு பூஜ்யத்தை நெருங்கவில்லை என்றால் தொடர் விரியும், அது உறுதி. நெருங்கினால் எந்த முடிவும் சொல்ல முடியாது, வேறு சோதனை போடணும். இந்த ஒருவழிப் பாதையை இருவழி என்று நினைப்பதுதான் பரீட்சையில் அதிகம் நடக்கிற தவறு. தொடர்ப் பரீட்சையில் விடையை விட, எந்தச் சோதனை, அதன் நிபந்தனை ஏன் பொருந்துது என்று எழுதுவதற்கே மதிப்பெண். ஊரில் விடை வரவைக்கப் பழகிய கைக்கு இது புதுசு.

பன்னிரண்டு வருஷ இடைவெளிக்கு என் தீர்ப்பு: கால்குலஸ் 1-லிருந்து வரட்டும். ஏற்கெனவே ஒருமுறை பார்த்த பாடம், வேகமாகப் பிடித்துக்கொள்வார், அடித்தளமும் பலமாகும்.

நெடுவரிசை

அவர் பி.காம் முடித்தவர் என்பதை யாரும் தொடவில்லை. அதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. ஏற்கெனவே இளநிலைப் பட்டம் இருப்பவரை யூசி இன்னொரு இளநிலைக்குப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. கால் ஸ்டேட்டிலும் வாய்ப்பு குறைவு. ஆகவே ட்ரான்ஸ்ஃபர் திட்டம், கால்-கெட்சி, அஸிஸ்ட் எல்லாம் இளநிலைக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகிறவர்களுக்கு, இவருக்கு வேண்டாம்.

இவர் குறி வைக்க வேண்டியது கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ். அங்கே கேட்கிற முன்தேவை பெரும்பாலும் கால்குலஸ் 1, 2, லீனியர் ஆல்ஜீப்ரா, டிஸ்கிரீட் மேத் (தனிநிலைக் கணிதம்), அதோடு ப்ரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். கால்குலஸ் 3 கேட்பது சில இடங்களில்தான். போக நினைக்கும் மூன்று நான்கு துறைகளின் பட்டியலை முதலில் எடுத்து, பொதுவாக இருப்பதை மட்டும் படிக்கட்டும். ஒரு துறை "அப்பர் டிவிஷன் வேணும்" என்று எழுதியிருந்தால் கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு அங்கே செல்லாது, ஏன் என்றால் அப்பர் டிவிஷன் என்பது இளநிலையின் கடைசி இரண்டு ஆண்டுப் பாடம், இங்கே நடப்பது முதல் இரண்டு ஆண்டுக்கான லோயர் டிவிஷன்.

டிஸ்கிரீட் மேத்தைக் கால்குலஸ் முடியும்வரை தள்ளிப்போடாதீங்க. பல கல்லூரிகளில் அதற்குக் கால்குலஸ் முன்தேவை இல்லை.

பத்துவாரம்

எச்-4 பற்றி ஒன்று. படிக்கத் தனி அனுமதி தேவையில்லை. எஃப்-1 மாணவர் விசா போல் இல்லாமல், எச்-4 இருப்பவர் கலிஃபோர்னியா ரெசிடென்சி (கட்டணத்துக்கான மாநிலவாசித் தகுதி) பெற முடியும். பருவம் தொடங்குவதற்கு முன் ஓராண்டுக்கு மேல் இங்கே இருந்திருக்கணும், இங்கேயே தங்கும் எண்ணத்துக்குச் சான்று காட்டணும்: ஓட்டுநர் உரிமம், மாநில வரித் தாக்கல், வீட்டு ஒப்பந்தம் மாதிரி. வீட்டு ஒப்பந்தத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தால் சிக்கல், மனைவி பெயரையும் சேர்க்கச் சொல்லுங்க. ரெசிடென்சி கிடைக்கலைன்னா 46 டாலர் பல மடங்காகும். வகுப்பில் சேர்வதற்கு முன்பே அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் இதை முடிச்சிடணும்.

மணிக்கணக்கு

மகள் எப்போது சேர்ந்தாலும் இதெல்லாம் வரும்.

ஹைஸ்கூல் மாணவர்களுக்குப் பதிவு நாள் கடைசியில்தான் வரும். அதற்குள் மாலை நேரக் கால்குலஸ் வகுப்புகள் நிரம்பியிருக்கும். வெயிட்லிஸ்டில் பெயர் போட்டுவிட்டு முதல் வகுப்புக்குக் கட்டாயம் போகணும். முதல் நாள் வராதவர்களை ஆசிரியர் நீக்கிவிடுவார், அந்த இடங்கள்தான் வெயிட்லிஸ்டுக்கு. ஆன்லைன் வகுப்பென்றால் முதல் நாளே உள்ளே போய் அறிமுகப் பணியை முடிக்கணும், வெறுமனே லாகின் செய்தால் வந்ததாகக் கணக்கில்லை. "ஆன்லைன்" என்று போட்டிருந்தும் பரீட்சை மட்டும் கல்லூரியில் நேரில் எழுதும் வகுப்புகள் இருக்கு, குறிப்பைப் படிங்க.

பள்ளிக் கவுன்சிலர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து இரண்டும் வேணும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகக் கேட்கும் கல்லூரிகள் உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் 11 யூனிட் வரை ஹைஸ்கூல் மாணவருக்கு யூனிட் கட்டணம் இல்லை.

வகுப்பு தொடங்கியபின் பெற்றோர் ஆசிரியருக்கு ஃபோன் போட்டால் பதில் கிடைக்காது. கல்லூரியில் சேர்ந்த மாணவர் 15 வயதானாலும் ஃபெர்பா என்ற மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தகவல் உரிமை அவருடையது. மகளே மின்னஞ்சல் எழுதணும், மகளே ஆஃபீஸ் ஹவருக்குப் போகணும்.

வாங்குகிற கிரேடு நிரந்தரம். பின்னால் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது காட்டியே ஆகணும்.

ஃப்ரீமான்ட்வாசி

சரியாக வரவில்லை என்றால் நடுவில் விட்டுவிடலாமா?

தொகைநுண்

விடலாம், தேதி முக்கியம். வகுப்பின் முதல் 20 விழுக்காட்டுக்குள் விட்டால் ட்ரான்ஸ்க்ரிப்டில் எதுவும் வராது. அதற்குப் பிறகு 75 விழுக்காடு வரை விட்டால் 'டபிள்யூ' (வித்ட்ரா, விலகினார் என்ற குறி) விழும். அதையும் தாண்டினால் கிரேடுதான். ஆறு வார வகுப்பில் 20 விழுக்காடு என்பது ஆறு ஏழு நாள். முதல் பரீட்சை விடைத்தாள் கைக்கு வருவதற்குள் அந்தத் தேதி போயிருக்கும். கோடை வகுப்பில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

மணிக்கணக்கு

கூடவே: ஒரே பாடத்தில் எத்தனை முறை சேரலாம் என்பதற்கு வரம்பு உண்டு, டபிள்யூவும் ஒரு முறையாக எண்ணப்படும். 'சி' வாங்கிவிட்டால் மேலே ஏற்றுவதற்காகத் திரும்ப எடுக்கப் பொதுவாக விட மாட்டார்கள். டி, எஃப் அல்லது டபிள்யூ என்றால் மறுபடி எடுக்கலாம். மேஜர் பாடங்களை பாஸ்/நோ பாஸ் என்று மாற்றாதீங்க, லெட்டர் கிரேடு கேட்பார்கள்.

ஃப்ரீமான்ட்வாசி

இப்படி முடிவு செய்திருக்கிறோம். மகள் 11-இல் பள்ளியிலேயே பிசி. 12-இல் ஒலோனியில் கால்குலஸ் 3, அடுத்த பருவம் லீனியர் ஆல்ஜீப்ரா. தம்பி மனைவி இந்த இலையுதிர்காலத்தில் கால்குலஸ் 1-உம் டிஸ்கிரீட் மேத்தும் சேர்த்து.

நெடுவரிசை

மகளுக்குச் சரி. பிசி பரீட்சை மதிப்பெண் ஜூலையில் வரும். உடனே அதைக் கல்லூரிக்கு அனுப்பி, கால்குலஸ் 3-க்கான முன்தேவை நீக்கப் படிவம் போடணும். தானாக நடக்காது. படிவம் போடாமல் பதிவு நாளுக்குப் போனால் கணினி தடுக்கும், அது சரியாவதற்குள் இடம் போயிடும். கால்குலஸ் 3-க்கு எந்த மதிப்பெண் போதும் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்க.

தம்பி மனைவிக்கு முதல் பருவத்தில் இரண்டு கணக்கு வகுப்பு வேண்டாம். 5 யூனிட் கால்குலஸுக்கு வாரம் 15 மணி, டிஸ்கிரீட் 4 யூனிட் என்றால் இன்னொரு 12. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பேனா எடுப்பவருக்கு வாரம் 27 மணி கணக்கு அதிகம். கால்குலஸ் 1-உடன் ப்ரோகிராமிங் ஒன்று எடுக்கட்டும். டிஸ்கிரீட் அடுத்த பருவம்.

அஸிஸ்ட்_வாசகர்

சிசிசி அப்ளை (கம்யூனிட்டி காலேஜ் விண்ணப்ப இணையதளம்) கணக்கை மகளின் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்க. பள்ளி மின்னஞ்சல் வேண்டாம், ஹைஸ்கூல் முடிந்ததும் மூடிவிடுவார்கள், ட்ரான்ஸ்க்ரிப்ட் கேட்கும்போது உள்ளே போக முடியாது. பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை விரித்து ஒரு இடத்தில் அப்பா பெயர், இன்னொரு இடத்தில் ஒற்றை எழுத்து என்று போட்டால் ஏபி மதிப்பெண் அவள் கணக்கோடு சேராமல் தொங்கும்.